அட்டைப்படத்தில் ஓர் ஊர்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் பரண்மேல் ஒரு பெட்டி இருக்கும். அதனுள் பழைய தீபாவளி மலர்கள் நான்கைந்து கட்டாயம் இருக்கும். கதைகளுக்காக வைத்திருக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். எடுத்துப் பிரித்ததும் பார்ப்பதென்னவோ படங்களைத்தான். கோபுலு அவர்களின் தூரிகையில் பிறந்த ஒரு திண்ணையும், அதில் வெற்றிலைப் பெட்டியோடு சாய்ந்திருக்கும் ஒரு முதியவரும் போதும். டில்லி மாநகரத்துத் தைமாதக் குளிர் அரைமணி நேரம் மறந்துபோகும்.

இந்தப் படப்பித்து நமக்கு மட்டுமே வாய்த்த ஒன்று என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை, 2019ஆம் ஆண்டில் நடைபாதையை விட்டு மகிளா ஹாட் திடலுக்கு இடம்பெயர்வதற்கு முன், ஒருநாள் அங்கே முதுகட்டை கிழிந்த பெரிய படத்தொகுப்பு ஒன்று எம் கண்ணில் பட்டது. அமெரிக்க இதழ் ஓவியர் நார்மன் ராக்வெல் என்பவரின் படங்கள். கடைக்காரர் சொன்ன விலை, அலுவலக எழுத்தர் ஒருவரின் மாதக் கடைசி நிலைமைக்குப் பொருந்துவதாக இல்லை. திருப்பி வைத்துவிட எண்ணிய வேளையில் தற்செயலாக விரிந்த பக்கம் எம்மை நிறுத்திவிட்டது. பேரம் பேசாமலே வாங்கி வந்தோம் என்றால் எம் இல்லத்தார் இன்றுவரை நம்புவதில்லை.

அப்பக்கத்தில் இருந்த படம் இதுதான். ஒரு பழைய பண்ணை லாரியின் பக்கப்படியில் தந்தையும் மகனும் அமர்ந்திருக்கின்றனர். இரயில் வர வேண்டும். மகன் புத்தாடை அணிந்து, காலணி பளபளக்க, முதுகு நிமிர்ந்து, வண்டி வரும் திசையையே நோக்குகிறான். அவன் காலடியில் பெட்டி, பெட்டியின்மேல் புத்தகங்கள், அதில் ஒட்டியுள்ள தாள், அவன் பல்கலைக்கழகம் செல்கிறான் என்று சொல்கிறது. தந்தை உழைத்துக் காய்த்த உடலினர். வேலைக்கு உடுத்தும் முரட்டு ஆடையே அவர் மேனியில் இருக்கிறது. உதட்டில் ஒரு சிகரெட்டு. முதுகு கூன, மகனுக்கு எதிர்த்திசையில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் இரண்டு தொப்பிகள், ஒன்று தம்முடையது, மற்றொன்று மகனுடையது. வளர்ப்பு நாய் மகனின் முழங்காலில் தலையைச் சாய்த்திருக்கிறது. மகன் கையில், நாடா கட்டிய உணவுப் பொட்டலம். தாய் படத்தில் இல்லை. அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறாள்.

1954ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாளிட்ட 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' என்னும் வார இதழின் அட்டைப்படம் அது. நாமோ அமெரிக்காவைக் கண்டதில்லை. ஆயினும் அந்த லாரிப் படியில் நாம் அமர்ந்திருந்தோம். எம் ஊர் இரயில் நிலையத்தில், பெயர் எழுதிய தகரப் பெட்டியின்மேல், எம் தந்தையாரும் நாமும் பாசஞ்சர் வண்டிக்காகக் காத்திருந்த காலை நேரம் அப்படியே அங்கே வரையப்பட்டிருந்தது. அவரும் எம் முகத்தைப் பார்க்கவில்லை. அன்னையார் கட்டிக் கொடுத்த புளியஞ்சோற்று மூட்டை எம் மடியில் இருந்தது. டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்த நம்மவர் எவரைக் கேட்டாலும், சிற்சில மாற்றங்களோடு இதே படத்தைத்தான் சொல்வார்கள்.

எங்கோ பிறந்த ஒருவர் நம் வீட்டுப் பிரிவை எவ்வாறு அறிந்தார் என்னும் வியப்பே அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது. படித்தபோது முதலில் கிடைத்த செய்தியே நம் எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. சிற்றூர் வாழ்வின் ஓவியர் என்று உலகம் கொண்டாடும் இவர் சிற்றூரில் பிறந்தவர் அல்லர்.

ராக்வெல் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நியூயார்க்கு மாநகரில் பிறந்தார். நெருக்கமான குடியிருப்பு வீடுகளின் இடையே வளர்ந்தார். குடிவெறி கொண்ட பெண்ணொருத்தி வெற்று மனையில் ஓர் ஆளைக் குடையால் அடித்த காட்சி, சிறுவயதில் கண்டது, முதுமைவரை அவர் நெஞ்சை விட்டகலவில்லை. கோடை விடுமுறையில் மட்டும் குடும்பத்தார் நாட்டுப்புறப் பண்ணை வீடுகளுக்குச் சென்று தங்குவர். அங்கே குளத்தில் நீந்தலாம்; பசுக்களின் பின்னே திரியலாம். விடுமுறை முடிந்ததும் மீண்டும் நகரம். ஆக, அவர் கண்ட சிற்றூர் ஒரு விருந்தாளி கண்ட சிற்றூரே. விதைப்பும் கடனும் வறட்சியும் விருந்தாளிக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கொருமுறை பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கண்ட தமிழ்நாடும் ஏறத்தாழ இத்தகையதே.

அவர் ஓவியம் கற்றது நியூயார்க்கின் கலைப்பள்ளிகளில். பத்தொன்பது வயதிலேயே 'பாய்ஸ் லைஃப்' என்னும் சாரணர் இதழுக்குக் கலைப்பொறுப்பாளர் ஆனார். 1916ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், இருபத்திரண்டு வயதில், 'போஸ்ட்' இதழில் அவருடைய முதல் அட்டைப்படம் வெளிவந்தது. நல்லாடையும் தொப்பியும் அணிந்த ஒரு சிறுவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்கிறான்; அவன் சட்டைப்பையில் பால்புட்டி; பந்தாடச் செல்லும் தோழர் இருவர் அவனை எள்ளி நகையாடுகின்றனர். தம்பி தங்கையைச் சுமந்து திரிந்த அண்ணன்மார் எவருக்கும் அந்தச் சிறுவனின் துயரம் விளங்கும். அந்நாளில் சிறுவரை அசையாது நிற்க வைப்பதற்கு ஓவியர் கைக்கொண்ட வழியும் சுவையானது. ஐந்து சென்ட் நாணயங்களை மேசைமேல் குவித்து வைத்து, ஒவ்வொரு இடைவேளையிலும் சிலவற்றை நகர்த்தி, "இது உன் பங்கு" என்று காட்டுவாராம்.

'போஸ்ட்' எத்தகைய இதழ் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து கர்ட்டிஸ் நிறுவனம் வெளியிட்ட வார இதழ். விலை ஐந்து சென்ட். ஜார்ஜ் ஹொரேஸ் லோரிமர் ஆசிரியராக இருந்து அதனைப் பேரிதழாக்கினார். 1908ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனை பத்து இலட்சத்தைத் தொட்டது. வானொலி வீடுகளுக்குள் நுழையாத அக்காலத்தில், அத்தனை இலட்சம் வீடுகளின் கூடத்து மேசையில் ஒரே வாரத்தில் ஒரே படம் கிடந்தது.

அவ்வீடுகளில் இருந்தவர் யார்? 1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாக நகரவாசிகளின் எண்ணிக்கை நாட்டுப்புறத்தாரை விஞ்சியது. பண்ணையை விட்டுத் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் வந்தவர்கள், கடல் கடந்து குடியேறியவர்கள், அவர்தம் பிள்ளைகள் எனப் பலரும் ஊரைப் பிரிந்து வந்த தலைமுறையினர். முடிவெட்டும் கடை, சிற்றூர் மருத்துவர், தெருமுனையில் நின்று புறம் பேசுவோர், முதல்முறை தனியே உணவகத்தில் அமர்ந்து காசைக் கூட்டிப் பார்க்கும் பையன் ஆகிய ராக்வெல்லின் பாத்திரங்கள் இவர்களுக்காகவே பிறந்தன. ஊரிலேயே இருப்பவனுக்கு ஊரின் படம் எதற்கு? அவன் சன்னலைத் திறந்தால் போதுமே. ஏக்கம் என்பது பயணச்சீட்டு வாங்கியவனுக்கே உரியது. நகரத்தில் பிறந்த ஓவியரும் நகரத்துக்கு வந்த வாசகரும் தாம் முழுமையாக வாழாத ஓர் ஊரை இருவருமாகச் சேர்ந்து நாற்பத்தேழு ஆண்டுகள், முந்நூற்றிருபதுக்கும் மேற்பட்ட அட்டைகளில் கட்டி எழுப்பினர்.

இக்கருத்துக்கு அவருடைய படமே சான்று கூறும். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அட்டையில் வந்த 'ஷஃபில்ட்டன் முடிதிருத்தகம்' என்னும் ஓவியத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். கடை அடைத்தாகிவிட்டது. முன்னறை இருண்டிருக்கிறது. முடிவெட்டும் நாற்காலி வெறுமையாய் நிற்கிறது. அடுப்பின் தணல் மினுங்குகிறது. பூனை ஒன்று உள்ளே நோக்கி அமர்ந்திருக்கிறது. பின்னறையின் கதவு திறந்திருக்க, அங்கே மட்டும் விளக்கொளி. முதியவர்கள் சிலர் வாத்தியங்களை வாசித்துக்கொண்டிருக்கின்றனர். இத்தனையையும் நாம் தெருவில் நின்று, விரிசல் விட்ட கண்ணாடிச் சன்னல் வழியே பார்க்கிறோம். எவரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வருக என்று அழைப்பதும் இல்லை. இசையோ காதில் விழாது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் எப்படித் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக வரைய ஒருவரால் இயலுமா என்பது ஐயமே. இதழ் ஓவியம் கலையாகாது என்று ஒதுக்கிய விமரிசகர்கள் இந்தப் படத்தை எத்தனை நேரம் பார்த்தார்களோ, நாமறியோம்.

அந்தக் கடை உண்மையில் இருந்த கடை. 1939ஆம் ஆண்டில் ராக்வெல் வெர்மான்ட் மாநிலத்து ஆர்லிங்டன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அன்று தொட்டு அவ்வூர் மக்களே அவர் படங்களின் மாந்தர் ஆயினர். உழவர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எனத் தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் அழைத்து வந்து, வேண்டிய முகபாவத்தைத் தாமே நடித்துக் காட்டுவார். ஒரே படத்துக்கு நூற்றுக்கணக்கில் புகைப்படங்கள் எடுக்கச் செய்வார். பிறகு முழு அளவில் கரித்துண்டு வரைவு, வண்ண மாதிரி, இறுதியில் துணிமேல் எண்ணெய் வண்ணம். ஒரு நாற்காலியின் காலுக்காகவும் பழங்கடைகளைச் சுற்றி அலைபவர். 1943ஆம் ஆண்டில் அவருடைய ஓவியக்கூடம் தீப்பற்றி எரிந்து, ஓவியங்களும் சேர்த்து வைத்திருந்த பழைய உடைகளும் பொருள்களும் சாம்பலாயின.

அதே ஆண்டில்தான் அவர் புகழ் உச்சத்தை எட்டியது. 1941ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தம் உரையில் நால்வகைச் சுதந்தரங்களை அறிவித்திருந்தார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையின்மை, அச்சமின்மை ஆகிய பெருஞ்சொற்களை எப்படி வரைவது என்று ராக்வெல் திகைத்தார். அவ்வூர்க் கூட்டத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஊரார் அனைவரும் ஏற்ற ஒன்றை அயலவர் ஒருவர் எழுந்து நின்று தனியராக மறுத்தார். உடன்படாதபோதும் ஊரார் அவரைப் பேசவிட்டுக் கேட்டனர். பேச்சுரிமை என்பது இதுவன்றோ என்று அவர் கண்டுகொண்டார். நான்கு படங்களும் 1943 பிப்ரவரி 20 முதல் மார்ச்சு 13 வரை வாரம் ஒன்றாக 'போஸ்ட்' இதழில் வந்தன. பின்னர் அரசின் கருவூலத் துறை அவற்றை நகரம் நகரமாகக் கொண்டுசென்று காட்ட, 13 கோடி டாலருக்கும் மேற்பட்ட போர்க்கடன் பத்திரங்கள் விற்பனையாயின.

வறுமையின்மை என்னும் படத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். வெள்ளை விரிப்பிட்ட மேசையைச் சுற்றிக் குடும்பத்தார். பாட்டி பெரியதொரு வான்கோழியைத் தட்டில் ஏந்தி வைக்கிறார். தாத்தா பின்னால் நிற்கிறார். கூர்ந்து நோக்கினால் மேசைமேல் மற்ற உணவு மிகுதியாக இல்லை. கண்ணாடிக் குவளைகளில் இருப்பது வெறும் தண்ணீர். ஆயினும் இது வறுமையின்மை அன்று, தேவைக்கு மீறிய வளம் என்று போரால் நொந்த ஐரோப்பியர் மனம் கசந்ததை ராக்வெல்லே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்தப் படம் அச்சான 1943ஆம் ஆண்டில்தான் வங்கத்தில் பஞ்சம் மூண்டு ஏறத்தாழ முப்பது இலட்சம் உயிர்களைக் கொண்டது என்பது இந்திய வாசகராகிய நமக்கு நினைவில் உறுத்தாமல் போகாது.

அப்படத்தோடு வெளிவந்த கட்டுரையை எழுதியவர் யார் என்று அறிந்தபோது நாம் மேலும் வியந்தோம். கார்லோஸ் புலோசான் என்னும் ஃபிலிப்பைன்ஸ் நாட்டவர். 1930ஆம் ஆண்டு சியாட்டில் துறைமுகத்தில் வந்திறங்கி, வயல்களில் கூலிவேலை செய்து வாழ்ந்தவர். வான்கோழி விருந்தின் பக்கத்தில் அவர் எழுதியது அந்த விருந்தை விளைவித்தவர்களைப் பற்றி. உழைப்பின் பயன் உழைப்பவனுக்குக் கிட்டாதவரை வறுமையின்மை என்பது சொல்லளவே என்பது அவர் கருத்து. படத்தில் அவரைப் போன்ற எவரும் இல்லை. அந்த மேசையில் அவருக்கு நாற்காலி போடப்படவில்லை. எழுதுவதற்குப் பக்கம் மட்டும் கொடுக்கப்பட்டது.

ராக்வெல் படங்களில் யார் இல்லை என்னும் வினா இங்கே எழுகிறது. கறுப்பின மக்களை ஏவலராகவும் பணியாளராகவும் மட்டுமே அட்டையில் காட்டலாம் என்பது லோரிமர் காலத்து விதி என்று ராக்வெல்லே பிற்காலத்தில் கூறினார். முன்னர் நாம் குறிப்பிட்ட, உணவுத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் பையனின் படம் 1946ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. இரயிலின் உணவுப் பெட்டியில் நடக்கும் காட்சி அது. பையனின் திகைப்பைப் புன்னகையோடு பார்த்து நிற்கும் பரிமாறுபவர் ஒரு கறுப்பர். அன்பான முகம். ஆனால் அந்த முகத்துக்கு அட்டைக்குள் நுழையக் கிடைத்த வாயில் அது ஒன்றே.

துன்பங்களும் அந்த அட்டைகளில் இல்லை. ராக்வெல்லின் மனைவி மேரி அம்மையார் மனநோயால் வருந்தினார். அவர் சிகிச்சைக்காகவே குடும்பம் 1953ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. ஓவியரும் எரிக் எரிக்சன் என்னும் புகழ்பெற்ற உளவியலாரிடம் தம் மனச்சோர்வுக்கு மருத்துவம் பெற்றார். மூன்று மகன்களும் ஒருவர்பின் ஒருவராக வீட்டை விட்டு வெளியேறிய ஆண்டுகள் அவை. லாரிப் படியில் அமர்ந்த தந்தை யார் என்பது இப்போது விளங்குகிறது. 1959ஆம் ஆண்டில் மேரி அம்மையார் காலமானார். மறு ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றில், உலகம் தாம் எண்ணியபடி இனியதாக இல்லை என்று கண்டபோது, இருக்க வேண்டிய உலகத்தையே வரைவதென்று தம்மையறியாமல் முடிவு செய்திருக்கக் கூடும் என்னும் பொருள்பட அவர் எழுதினார்.

இதைப் படித்த அன்றிரவு நாம் எம் இரயில் நிலையப் படத்தை மனத்தில் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். தந்தையார் இருந்தார், நாம் இருந்தோம், சோற்று மூட்டை இருந்தது. அந்தத் தகரப் பெட்டி நிலையத்துக்கு எப்படி வந்தது? ஊருக்கும் நிலையத்துக்கும் இடையே மூன்று மைல். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள தெருவைச் சேர்ந்த ஒருவர் அதைத் தம் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டே எங்கள் பின்னால் நடந்து வந்தார். எம் தந்தையாரினும் வயதில் மூத்தவர். அவரை நாம் "வாப்பா, போப்பா" என்றே அழைத்துப் பழகியிருந்தோம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நடைமேடையை விட்டு வெளியேறி, வண்டி வரும்வரை வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். சங்கத்துப் பொங்கல் விழாக்களில் எம் ஊரைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். குளம் வந்திருக்கிறது, தேர் வந்திருக்கிறது, மாந்தோப்பு வந்திருக்கிறது. அவர் வந்ததில்லை. அப்படி ஒரு விதியை எமக்கு எந்த ஆசிரியரும் இட்டதுமில்லை.

ராக்வெல்லின் வாழ்வில் இதற்குப் பின் நிகழ்ந்ததே அவரை நாம் மதிக்கும் காரணம். 1961ஆம் ஆண்டிலேயே பல நாட்டு, பல சமய, பல நிறத்து மக்களை ஒரே படத்தில் நெருக்கி நிறுத்தி ஓர் அட்டை வரைந்திருந்தார். அதன் வண்ணக்கல் வடிவம் 1985 முதல் ஐக்கிய நாடுகள் அவையில் விளங்குகிறது. 'போஸ்ட்' இதழோ அப்போது சிற்றூர்க் காட்சிகளைக் கைவிட்டுத் தலைவர்களின் உருவப்படங்களைக் கேட்கத் தொடங்கியது. நம் முதற்பிரதமர் நேரு அவர்களை வரையும்பொருட்டு அவர் இதே டில்லிக்கு வந்து சென்றார். அப்படம் 1963 ஜனவரி 19ஆம் நாள் அட்டையில் வெளிவந்தது. அந்த ஆண்டு இறுதியோடு 'போஸ்ட்' உறவு முறிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. அரசு அலுவலகத்தில் இருந்தால் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கி ஒன்பதாண்டுகள் ஆகியிருக்கும். அவரோ 'லுக்' என்னும் வேறோர் இதழில் புதிதாகத் தொடங்கினார்.

1964ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் 'லுக்' இதழில் வந்த 'நாமனைவரும் உடன்வாழும் சிக்கல்' என்னும் படம் அவருடைய பழைய வாசகர்களைத் திடுக்கிடச் செய்தது. 1960 நவம்பர் 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளியில், அதுவரை வெள்ளையர் மட்டுமே பயின்ற இடத்தில், ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி முதல் வகுப்பில் சேர்ந்தாள். வெள்ளையர் பலர் தம் பிள்ளைகளைப் பள்ளியினின்று விலக்கிக்கொண்டனர். ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியை, ஒரே மாணவி என்று அந்த வகுப்பு நடந்தது. நாள்தோறும் கூச்சலிடும் கூட்டத்தைக் கடந்து அவளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல நடுவண் அரசின் காவல் அலுவலர் துணை வேண்டியிருந்தது.

படத்தில் சிறுமி வெண்ணிற ஆடையும் வெண்காலணியும் அணிந்து, கையில் புத்தகமும் அளவுகோலும் பிடித்து, நிமிர்ந்து நடக்கிறாள். முன்னே இருவர், பின்னே இருவர் அலுவலர். அவர்களுடைய தலைகள் படத்தில் இல்லை, தோளோடு வெட்டப்பட்டிருக்கின்றன. சிறுமியின் உயரமே படத்தின் உயரம். பின்சுவரில் இழிசொல் ஒன்று கிறுக்கப்பட்டிருக்கிறது. எறியப்பட்ட தக்காளி சுவரில் சிதறி வழிகிறது. வசைபாடும் கூட்டத்தை ராக்வெல் வரையவில்லை. கூட்டம் நிற்க வேண்டிய இடத்தில் பார்ப்பவராகிய நாமே நிற்கிறோம். முடிதிருத்தகத்துச் சன்னலுக்கு வெளியே நம்மை நிறுத்திய அதே கைதான், இங்கேயும் நம்மை இன்ன இடம் என்று நிறுத்தியிருக்கிறது.

பாராட்டியும் பழித்தும் மடல்கள் வந்தன. அவர் நிற்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் 1964ஆம் ஆண்டு கொலையுண்ட மூன்று உரிமைப் போராளிகளை மறு ஆண்டில் வரைந்தார். 1967ஆம் ஆண்டில், வெள்ளையர் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்த கறுப்பினக் குழந்தைகளை வரைந்தார். வீட்டுச் சாமான் ஏற்றிவந்த வண்டியின் முன் இரு திறத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அளந்து பார்த்து நிற்கின்றனர். இரு புறத்தும் பந்தாட்டக் கையுறை இருக்கிறது. மாற்றலாகி வந்து புதிய குடியிருப்பில் சாமான் இறக்கிய முதல்நாள் மாலையில், எதிர்வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தபடி நம் பிள்ளைகள் படிக்கட்டில் நின்றதை எண்ணாமல் இப்படத்தைப் பார்க்க நம்மவரால் இயலாது.

1977ஆம் ஆண்டில் நாட்டின் உயர்விருது பெற்று, 1978 நவம்பர் 8ஆம் நாள் ஸ்டாக்பிரிட்ஜில் ராக்வெல் மறைந்தார். பின்னர் விலைகள் ஏறின. உணவகத்தில் தலைதாழ்த்தி இறைவனுக்கு நன்றி கூறும் பாட்டியையும் பேரனையும் காட்டும் 1951ஆம் ஆண்டுப் படம் 2013ஆம் ஆண்டில் 4 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விலைபோனது. லாரிப் படியின் கதையோ விந்தையிலும் விந்தை. வெர்மான்ட்டில் வாழ்ந்த கேலிச்சித்திரக்காரர் ஒருவர் 1960ஆம் ஆண்டில் அதனைத் தொள்ளாயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார். மணமுறிவின்போது அதற்கோர் பிரதி வரைந்து அதை வெளியே வைத்து, மூலத்தை வீட்டுப் பொய்ச்சுவருக்குள் மறைத்துவிட்டார். எவரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்தபின் 2006ஆம் ஆண்டில் மகன்மார் சுவர்ப்பலகையை அகற்றியபோதே உண்மை வெளிப்பட்டது. அதுவரை ஸ்டாக்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் அந்தத் தந்தையையும் மகனையும் கண்டு கண்கலங்கியவர்கள் கலங்கியது பிரதியின் முன்னே.

ரூபி பிரிட்ஜஸ் படம் 2011ஆம் ஆண்டில் சில மாதங்கள் வெள்ளை மாளிகையில், குடியரசுத் தலைவர் ஒபாமாவின் அறைக்கு வெளியே மாட்டப்பட்டது. ஜூலைத் திங்களில் ரூபி அம்மையார் அங்கே வந்து, தலைவரோடு நின்று அதைப் பார்த்தார். சுவரில் நடக்கும் சிறுமிக்கு ஆறு வயது. பார்த்து நின்றவருக்கு ஐம்பத்தாறு. அவர் பிறந்தது 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள். பதினேழு நாள் கழித்துத்தான் 'போஸ்ட்' அட்டையில், இரண்டு தொப்பிகளைக் கையில் பிடித்தபடி ஒரு தந்தை தம் மகனை வழியனுப்பக் காத்திருந்தார்.